அம்மான்ர ரிப்போர்ட் பிழையில்லை, தங்கச்சி

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 42 வயது, ரெண்டு பிள்ளையள், இருக்கிறது சாவகச்சேரிப் பக்கம். அம்மாவுக்கு 64. வயிறு ஊதுது, ரெண்டு வாய் சாப்பிட்ட உடனயே நிரம்பிப் போகுது எண்டு அஞ்சாறு மாசமாய் கஸ்ரிக் மருந்து குடிச்சுக்கொண்டிருந்தவ, பிறகு ஸ்கான் பண்ணேக்க வலது சூலகத்தில (ஓவரியில) பெரிய கட்டி. ஒப்பரேசன் முடிஞ்சு இப்ப தெல்லிப்பளையில கீமோ போகுது. ரிப்போர்ட்டில "ஹை கிரேட் சீரஸ் கார்சினோமா" எண்டு போட்டு, அதுக்குக் கீழ வலது பலோப்பியன் ரியூப்பின்ர நுனியில "ஸ்ரிக்" இருக்கு, துவங்கின இடம் ரியூப் எண்டும் எழுதிக் கிடக்கு. எல்லாரும் ஓவரி கான்சர் எண்டுதானே எங்களுக்குச் சொன்னவை, ரிப்போர்ட் மாறிப்போச்சோ? தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு எல்.ஆர்.ரி (பிள்ளை போதும் எண்டு ரியூப்பைக் கட்டி வெட்டுற ஒப்பரேசன்) செய்தது, கையெழுத்து வைச்சது அப்பா. ரியூப்பை வெட்டினதாலதான் ரியூப்பில கான்சர் வந்தது எண்டு சொந்தக்காரருக்குள்ள கதை வந்திட்டுது, அப்பா இப்ப ஒழுங்காய்ச் சாப்பிடுறதுமில்லை, ஆரோடயும் கதைக்கிறதுமில்லை. ரொறன்ரோவில இருக்கிற சின்னம்மாவுக்கு 46 வயதில மார்பில கான்சர் வந்து சுகப்பட்டவ. எனக்கு பைப்ரொயிட்டுக்கு (கர்ப்பப்பையில வாற சாதாரண கட்டி) கர்ப்பப்பை எடுக்க வேணும் எண்டு வி.ஓ.ஜி, பொம்பிளையள் நோய் டொக்டர், சொல்லியிருக்கிறார், திகதி இன்னும் தரேல்ல. நான் என்ன செய்யவேணும்?

பதில்:

தங்கச்சி, எல்லாத்துக்கும் முந்தி அப்பான்ர விசயத்தைக் கதைப்பம், ஏனெண்டால் உங்கட கடிதத்தில என்ர மனசில நிண்டது அதுதான். எல்.ஆர்.ரி செய்ததால அம்மாவுக்கு இந்தக் கான்சர் வரேல்ல. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லேல்ல. ஒரு ரியூப் 10, 12 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும், கர்ப்பப்பையில துவங்கி சூலகத்துக்குக் கிட்டப் போய் விரிஞ்சு முடியிற குழாய், எல்.ஆர்.ரியில கட்டி வெட்டுறது அதின்ர நடுப்பகுதியை, அம்மான்ர ரிப்போர்ட்டில சொல்லுற இடம் மற்றத் தொங்கல், சூலகத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற நுனி. எல்.ஆர்.ரி செய்யேக்க அந்த நுனியை ஒண்டும் செய்யிறேல்ல. அதைவிட, ரியூப் கட்டின பொம்பிளையளையும் கட்டாதவையையும் ஒப்பிட்டுப் பாத்த ஆய்வுகள் கனக்க இருக்கு, எல்லாத்தையும் சேத்துப் பாத்தால் கட்டினவைக்கு ஓவரி கான்சர் வாறது ஏறக்குறைய மூண்டில ஒரு பங்கு குறைவு. அப்பா வைச்ச கையெழுத்து அம்மாவுக்கு நன்மைதான் செய்திருக்கும், கெடுதல் செய்யேல்ல. கதை கட்டுற சொந்தக்காரருக்கும் இதை அப்பிடியே சொல்லுங்கோ.

இனி ரிப்போர்ட். அது மாறேல்ல, பிழையுமில்லை. ஹை கிரேட் சீரஸ் எண்டது ஓவரி கான்சரில ஒரு வகை, ஸ்ரிக் எண்டது அந்த வகைக் கான்சர் ரியூப்பின்ர உள்தோலில துவங்குற முதல் படி. சொல்லப்போனால் அந்த ரிப்போர்ட்டை எழுதின பேத்தலொஜிஸ்ற் (வெட்டியெடுத்த துண்டுகளை மைக்கிரஸ்கோப்பில பாக்கிற டொக்டர்) நல்லாய் வேலை செய்திருக்கிறார். நானும் அதே வேலைதான் செய்யிறன் எண்டபடியால் அந்த ஒரு வரிக்குப் பின்னால எவ்வளவு கிடக்கு எண்டு எனக்குத் தெரியும்.

ஒப்பரேசன் முடிய எங்களிட்ட வாறது போமலினில ஊறின ஒரு பக்கெற். உள்ளுக்க கட்டி தேங்காயளவில இருக்கும், அதின்ர ஒரு பக்கத்தில ஒட்டிக்கொண்டு இந்த ரியூப் ஒரு நாடா மாதிரிக் கிடக்கும். நுனியைத் தண்ணிக்குள்ள விட்டுப் பாத்தால் கணவாயின்ர கால் மாதிரி மெல்லிசு மெல்லிசாய் விரிஞ்சு ஆடும், சூலகத்திலயிருந்து வெளிய வாற முட்டையை அள்ளி உள்ளுக்க எடுக்கிறது அந்த விரல்கள்தான். நாங்கள் படிச்ச காலத்தில கட்டியிலயிருந்து பத்துப் பன்னிரண்டு துண்டு எடுப்பம், ரியூப்பில நடுவில ஒரேயொரு துண்டு பேருக்கு எடுத்துப் பாத்திட்டு "ரியூப் நோர்மல்" எண்டு எழுதிவிடுவம். உலகம் முழுக்க அப்பிடித்தான் செய்தவை. நுனியை ஒருத்தரும் பாக்கேல்ல, பாக்காத இடத்தில ஒண்டும் இல்லை எண்டு எழுதிக்கொண்டிருந்தம், அந்தக் காலத்துப் பொம்பிளையளின்ர பிள்ளையளுக்கு இந்த ஒரு வரி கிடைக்காமல் போச்சு எண்டு நினைக்க எனக்கு இப்பவும் மனம் நோகுது.

இப்ப செய்யிற முறைக்கு சீ-ஃபிம் எண்டு பேர். ரியூப்பின்ர கடைசி 2 சென்ரிமீற்றரைத் தனிய வெட்டி, அதை நீளவாக்கில நாலாய்ப் பிளந்து, மிச்சக் குழாயை 2, 3 மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டாய் வெட்டி, ஒண்டும் விடாமல் எல்லாத்தையும் மெழுகில பதிச்சு, 3, 4 மைக்ரோன் மொத்தத்தில சீவி கண்ணாடியில ஒட்டிப் பாக்கிறது. நல்ல ரியூப்பின்ர உள்தோலில ரெண்டு வகைக் கலங்கள் மாறி மாறி ஒழுங்காய் நிக்கும், ஒரு வகைக்குத் தலையில மயிர் மாதிரி அசையிற பிசிர் இருக்கும், மற்ற வகை நீர் சுரக்கிறது. "ஸ்ரிக்" இருக்கிற இடத்தில அந்த ஒழுங்கு சடாரெண்டு குழம்பும், பிசிரில்லை, கலத்தின்ர கரு பெரிசாகி கறுத்து ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடக்கும், பி53 எண்ட புரதத்தைக் காட்டுற சாயத்தைப் போட்டால் அந்தத் துண்டு மட்டும் கறுவாப்பட்டை நிறத்தில எடுத்துக்காட்டும், சிலபேரில மாறி, சுத்திவர இருக்கிற கலங்களில கொஞ்சம் கொஞ்சம் பிடிச்ச சாயம் அந்தத் துண்டில மட்டும் சுத்தமாய்ப் பிடிக்காது. கனதரம் அது கடுகிலும் சின்னது. ஸ்கானில ஒருநாளும் தெரியாது, ஒப்பரேசன் செய்யிற சேர்ஜனின்ர கண்ணுக்கும் தெரியாது.

உங்கட கேள்வி, இவ்வளவு சின்னது எப்பிடி அந்தத் தேங்காயளவு கட்டிக்குத் தாய் எண்டுறதுதானே. கன வருசமாய் நாங்கள் எல்லாரும் நம்பினது வேற. சூலகத்தின்ர மேல்தோல் ஒரு வரிசைக் கலம், மாசாமாசம் முட்டை வெளிய வரேக்க அது கிழியுது, பிறகு ஒட்டுது, அப்பிடி முப்பது வருசம் கிழிஞ்சு ஒட்டேக்க எங்கயோ பிழைச்சுப்போய்க் கான்சராகுது எண்டு. 1971 இல எகிப்தைச் சேர்ந்த மஹ்மூத் ஃபத்தல்லா எண்ட டொக்டர் எழுதினது இது. பிள்ளை பெறுறதும் தாய்ப்பால் குடுக்கிறதும் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை பாவிக்கிறதும் ஏன் இந்தக் கான்சரைக் குறைக்குது எண்டதுக்கு அது நல்ல விளக்கம், முட்டை வாறது நிக்குது, கிழியிறதும் நிக்குது. ஆனால் ஒரு முள்ளு குத்திக்கொண்டே இருந்தது: மைக்கிரஸ்கோப்பில பாத்தால் இந்தக் கான்சர் சூலகத்தின்ர தோல் மாதிரி இருக்கிறேல்ல, ரியூப்பின்ர உள்தோல் மாதிரி இருக்கு. சூலகத்தில பிறந்த பிள்ளைக்கு ரியூப்பின்ர முகச்சாயல் எங்கயிருந்து வந்தது?

2001 இல நெதர்லாந்தில, பி.ஆர்.சி.ஏ எண்ட பரம்பரையலகில பிழை இருக்கிற (அந்தப் பிழை இருந்தால் மார்பிலயும் சூலகத்திலயும் கான்சர் வாற சந்தர்ப்பம் கூட) குடும்பத்துப் பொம்பிளையள், கான்சர் வர முந்தியே தடுப்புக்காக சூலகத்தையும் ரியூப்பையும் எடுத்தவை. அந்தத் துண்டுகளைப் பாத்த டொக்டர்மாருக்குக் கான்சருக்கு முந்தின மாற்றங்கள் அம்பிட்டது சூலகத்தில இல்லை, ரியூப்பில. பிறகு அமெரிக்காவில பொஸ்ரனில சீ-ஃபிம் முறையில வெட்டிப் பாக்கத் துவங்கினவை, 2007 இல அவை வெளியிட்ட கணக்கின்படி, பரம்பரைப் பிழை பாத்துத் தெரிஞ்செடுக்காத சாதாரண நோயாளியளிலயும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த ஸ்ரிக் இருந்தது, அதுவும் அநேகமாய் அந்த நுனி விரலிலதான்.

அப்ப, ரெண்டு இடத்திலயும் இருக்கு சரி, சூலகத்திலயிருந்து ரியூப்புக்குப் பரவினதாயும் இருக்கலாமே எண்டு நீங்கள் கேக்கலாம், நல்ல கேள்விதான், அந்த நேரம் எல்லாரும் கேட்டவை. ரியூசனில ரெண்டு பிள்ளையள் சோதனைப் பேப்பரில ஒரே கணக்கில ஒரே படியில ஒரே பிழையை விட்டிருந்தால் ரீச்சருக்கு உடன விளங்கும், ஒண்டைப் பாத்து ஒண்டு எழுதினது எண்டு. இங்கயும் அப்பிடித்தான், இந்த வகைக் கான்சரில கிட்டத்தட்ட எல்லாருக்கும், 2011 இல அமெரிக்காவில பெரிசாய்ச் செய்த ஆய்வில 100 இல 96 பேருக்கு, அந்த பி53 புரதத்தை உண்டாக்கிற ரி.பி.53 எண்ட பரம்பரையலகில பிழை இருந்தது, ரியூப்பில இருக்கிற கடுகளவுத் துண்டிலயும் சூலகத்துக் கட்டியிலயும் அந்தப் பிழை அச்சொட்டாய் ஒண்டேதான். ஆர் ஆரைப் பாத்து எழுதினது எண்டு கண்டுபிடிக்கிறதுக்கு மிச்சப் பிழையளையும் எண்ணவேணும், பிந்தி எழுதினவர் முதல் எழுதினவரின்ர பிழையளையும் காவிக்கொண்டு தன்ர பிழையளையும் சேப்பார். 2017 இல 9 நோயாளியளின்ர துண்டுகளை அப்பிடி எண்ணிப் பாத்ததில அநேகமாய் ரியூப்பில இருந்தது மூத்தது, சூலகத்துக் கட்டி இளையது. ரியூப்பில ஸ்ரிக் உண்டாகி சூலகத்தில கான்சராக சராசரியாய் ஆறரை வருசம் போகுது எண்டும், சூலகத்துக்கு வந்தாப் பிறகு மற்ற இடத்துக்குப் பரவுறது கெதியாய் நடக்குது எண்டும் கணக்குப் போட்டவை.

ஊரில கிணத்துக் கட்டில ஆலங்கண்டு முளைச்சிருக்கிறதைப் பாத்திருப்பீங்கள். ஆலமரம் நிக்கிறது கோயில் வீதியில, குருவி கொண்டுவந்து போட்டது, வேர் விட்டு வெடிக்கப் பண்ணுறது எங்கட கிணத்தை. ரியூப்பின்ர விரல்கள் சூலகத்துக்கு மேல படிஞ்சு கிடக்கிறபடியால் அதிலயிருந்து உதிருற கலம் விழுறதுக்கு முதல் இடம் சூலகம், முட்டை வந்த காயம் அங்க திறந்து கிடக்குது, உள்ள போய் ஊட்டமான இடத்தில வளருது. கட்டி தெரியிறது அங்க, அதால பேரும் அங்க போச்சு. ஃபத்தல்லா சொன்னதும் வீண் போகேல்ல, முட்டை வெடிக்கேக்க வாற நீர் அந்த விரல்களைத்தான் நனைக்குது, அதில கலத்தின்ர டி.என்.ஏயைத் தாக்கிற பொருள்கள் இருக்கு.

பேர் பிழைச்சுப்போறது இந்த வைத்தியத்தில புதுசுமில்லை. 1896 இல ஜேர்மனியில குருக்கன்பேர்க் எண்டவர் சூலகத்திலயே பிறக்கிற ஒரு கட்டி எண்டு ஒண்டை விவரிச்சார், இன்னும் அவற்றை பேரிலதான் சொல்லுறம், பிறகு பாத்தால் அது அநேகமாய் இரைப்பையில துவங்கி அங்க வந்து விழுந்தது.

உண்மையைச் சொல்லவேணும், எல்லா நோயாளியிலயும் ஸ்ரிக் அம்பிடாது. சிலபேரில கட்டி வளந்து ரியூப்பையே விழுங்கியிருக்கும், சிலபேரில ரியூப்பின்ர கலம் நல்ல கலமாய் இருக்கேக்கயே சூலகத்துக்குள்ள போய்ப் பதிஞ்சு அங்க வைச்சுக் கெட்டிருக்கலாம். அதோட ஓவரி கான்சர் எண்டுறது ஒரு நோயுமில்லை. சொக்லேற் சிஸ்ற் எண்டு சொல்லுற எண்டோமெற்றியோசிஸிலயிருந்து வாறது வேற ரெண்டு வகை, அதின்ர மூலம் கர்ப்பப்பையின்ர உள்தோல். 15, 20 வயதுப் பிள்ளையளுக்கு வாறது முட்டையாகிற கலத்திலயிருந்து, அது கீமோவில நல்லாய்ச் சுகப்படுற வகை. உங்கட அம்மாவுக்கு அதுகள் இல்லை எண்டபடியால் விடுவம்.

இப்ப உங்கட விசயம், தங்கச்சி, இதைக் கவனமாய் வாசியுங்கோ.

அம்மாவுக்கு ஹை கிரேட் சீரஸ், அவவின்ர சொந்தத் தங்கச்சிக்கு 50 வயதுக்கு முந்தி மார்பில கான்சர். இது ரெண்டையும் ஒரே குடும்பத்தில கண்டால் பி.ஆர்.சி.ஏ ரெஸ்ற் செய்யாமல் விடக்கூடாது. இந்த வகைக் கான்சர் வந்தவையில 100 இல 15 பேரளவில அந்தப் பிழையோடயே பிறந்தவை. ரெஸ்ற் முதல்ல அம்மாவுக்குச் செய்யவேணும், உங்களுக்கில்லை. கனபேர் மாறிச் செய்யினம், பிள்ளை ஓடிப்போய் தன்ர ரத்தத்தைக் குடுத்து "இல்லை" எண்டு வந்த உடன நிம்மதியாய் இருக்கும், ஆனால் அம்மாவில என்ன பிழை எண்டு தெரியாமல் பிள்ளையில இல்லை எண்டதுக்குப் பாதிப் பெறுமதிதான். அம்மாவில பிழை அம்பிட்டால் உங்களுக்கும் தம்பிக்கும் வந்திருக்கச் சரிபாதிச் சந்தர்ப்பம் (தம்பிக்கும்தான், ஆம்பிளையள் தங்கட பிள்ளையளுக்கும் குடுப்பினம்). அம்மாவுக்கும் இதால நன்மை இருக்கு, பிழை இருக்கிறவைக்கு ஒலாபாரிப் எண்ட குளிசை கீமோவுக்குப் பிறகு நோய் திரும்புறதை நல்லாய்ப் பிந்தப் பண்ணுது, விலை கூடத்தான், ஆனால் கேக்கிற கேள்வியைக் கேட்டு வைக்கவேணும். தெல்லிப்பளையில அம்மாவைப் பாக்கிற ஒன்கொலொஜிஸ்ற்றிட்ட அடுத்த கீமோ அண்டைக்கே சொல்லுங்கோ, ரத்தம் கொழும்புக்கு அனுப்பிச் செய்யலாம். சின்னம்மாவையும் ஒருக்கா ரெலிபோன் பண்ணிக் கேளுங்கோ, கனடாவில அவவுக்கு ஏற்கனவே செய்திருக்கவும் கூடும், அந்த ரிசல்ற் பேப்பர் ஒண்டு கிடைச்சால் இஞ்ச வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

இது ஏன் அவசரமெண்டால் உங்கட கர்ப்பப்பை ஒப்பரேசன். வி.ஓ.ஜி திகதி தர முந்தி அம்மான்ர ரிப்போர்ட்டின்ர கொப்பியைக் கொண்டுபோய் அவரிட்டக் குடுங்கோ, பைப்ரொயிட் எண்டு மட்டும் தெரிஞ்சால் அவர் பைப்ரொயிட்டுக்குரிய முடிவைத்தான் எடுப்பார். பி.ஆர்.சி.ஏயில 1, 2 எண்டு ரெண்டு பரம்பரையலகு இருக்கு, பி.ஆர்.சி.ஏ 1 இல பிழை இருக்கிற பொம்பிளைக்கு 80 வயதுக்குள்ள ஓவரி கான்சர் வாற சந்தர்ப்பம் 100 இல 44 அளவில, பி.ஆர்.சி.ஏ 2 இல எண்டால் 17 அளவில, பிழையில்லாதவைக்கு மேல்நாட்டுக் கணக்கில 100 இல ஒண்டுக்குக் கொஞ்சம் மேல. பிழை உங்களுக்கும் இருக்கெண்டால் 42 வயது ரியூப்பையும் சூலகத்தையும் சேத்து எடுக்கிற வயது, பி.ஆர்.சி.ஏ 1 எண்டால் 35க்கும் 40க்கும் இடையிலயே எடுக்கச் சொல்லுறது. ரியூப்பை மட்டும் எடுத்துப்போட்டு சூலகத்தைப் பிந்தி எடுக்கலாமோ எண்டு நெதர்லாந்திலயும் அமெரிக்காவிலயும் ஆய்வு நடக்குது, முடிவு வரும்வரைக்கும் பிழை இருக்கிறவைக்கு ரெண்டையும் எடுக்கிறதுதான் முறை.

பிழை இல்லையெண்டால் சூலகத்தை விட்டுவிடச் சொல்லுங்கோ. "எப்பிடியும் வயித்தைத் திறக்கிறியள் தானே, எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ" எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது வழக்கம், 42 வயதில காரணமில்லாமல் சூலகத்தை எடுத்தால் எலும்பும் இருதயமும் பிறகு விலை குடுக்கவேணும். ஆனால் ரியூப் ரெண்டையும் முழுசாய், நுனி விரல் உட்பட, எடுக்கச் சொல்லுங்கோ. பிள்ளைப்பேறு முடிஞ்ச பிறகு ரியூப்புக்கு உடம்பில வேற வேலை இல்லை. கனடாவில பிரிட்டிஷ் கொலம்பியாவில 2010 இலயிருந்து இப்பிடித்தான், வேற காரணத்துக்கு கர்ப்பப்பை எடுக்கேக்கயும், கட்டுற ஒப்பரேசன் செய்யேக்கயும், ரியூப்பை முழுசாய் எடுக்கினம். 2022 இல கணக்குப் பாத்தவை, எடுத்தவையில 5 பேரளவுக்கு இந்த சீரஸ் கான்சர் வந்திருக்கவேணும் எண்டு எதிர்பாத்த இடத்தில ஒருத்தருக்கும் வரேல்ல. இன்னும் கொஞ்ச வருசம் பாக்கவேணும்தான், எண்டாலும் என்ர கூடப்பிறந்தவ எண்டால் நான் எடு எண்டுதான் சொல்லுவன்.

இன்னொண்டு, இது எங்கட லாப்பின்ர பக்கத்துக் கதை, வேற ஆரும் உங்களுக்குச் சொல்லமாட்டினம். உங்கட துண்டை லாப்புக்கு அனுப்பேக்க ஒரு ரிக்வெஸ்ற் போம் நிரப்புவினம், அதில "பைப்ரொயிட்" எண்டு மட்டும் எழுதினால் நாங்கள் பைப்ரொயிட்டைப் பாப்பம். "தாய்க்கு ஹை கிரேட் சீரஸ், ரியூப்பில ஸ்ரிக்" எண்டு ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கோ. அந்த ஒரு வரி இருந்தால் உங்கட ரியூப்பின்ர நுனியையும் சீ-ஃபிம்மில வெட்டி எல்லாத்தையும் பாப்பினம். அம்மான்ர ஒறிஜினல் ரிப்போர்ட்டைக் கவனமாய் வையுங்கோ, அதிலயிருக்கிற லாப் நம்பரை வேற ஒரு கொப்பியிலயும் எழுதி வையுங்கோ, மெழுகுத் துண்டுகளை லாப்பில சேமிச்சு வைச்சிருப்பினம், தேவைப்பட்டால் அந்த நம்பரைச் சொல்லித்தான் எடுக்கலாம்.

வருசத்துக்கு ஒருக்கா சி.ஏ.125 எண்ட ரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்துகொண்டிருந்தால் போதும்தானே எண்டு ஆராவது சொன்னால், போதாது. இங்கிலாந்தில ரெண்டு லட்சத்துக்கு மேல பொம்பிளையளை வைச்சு வருசக்கணக்காய்ப் பாத்தவை, 2021 இல முடிவு வந்தது, அப்பிடிச் செய்ததால சாவு குறையேல்ல. கடுகளவு ஸ்ரிக்கை ஸ்கான் காட்டாது எண்டது இப்ப உங்களுக்கே விளங்கும். சுகவனிதையர் கிளினிக்கில செய்யிற பாப் ரெஸ்ற் கர்ப்பப்பைக் கழுத்துக்கு, அது நல்ல ரெஸ்ற், ஆனால் இதைக் காட்டாது.

அம்மான்ர கஸ்ரிக் மருந்து மாசங்களைப் பற்றியும் ஒரு சொல்லு. வயிறு ஊதுறது, கெதியாய் நிரம்புறது, அடிக்கடி சலம் போறது, இதெல்லாம் இந்த நோயின்ர குறிதான், ஆனால் நூறு வீட்டில நூறு பேருக்கு இருக்கிற குறியும் அதுதான். ரெண்டு மூண்டு கிழமையாய் நாளாந்தம் இருந்து, அதுவும் 50 வயதுக்கு மேல புதுசாய் வந்தால் ஸ்கான் கேக்கவேணும் எண்டு இனிமேல் ஊரில மற்றவைக்குச் சொல்லுங்கோ. நீங்கள் முந்தியே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் எண்டு உங்களையே குத்தாதேங்கோ, இந்த நோய் வெளிக்குத் தெரியேக்க அநேகமாய் பரவித்தான் இருக்கும்.

அடுத்த கீமோவுக்கு தெல்லிப்பளைக்குப் போகேக்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. எல்.ஆர்.ரி பற்றி ஒன்கொலொஜிஸ்ற்றிட்ட அவரே தன்ர வாயால கேக்கட்டும், டொக்டர் சொல்லுற பதிலை அவற்றை காதாலயே கேக்கட்டும்.